பின்பக்கத்துல 10க்கு 12 ஷெட்டு போட்டா உள்ள மெஷின் எல்லாம் எப்படி வைக்கிறது?

நீங்க கேட்டத மொதல்ல சுருக்கமா சொல்லிக்கிறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியட்டும். மதுரை திருமங்கலம் பக்கம் வீடு, கிழக்கு பார்த்த வாசல், வீட்டுக்கு பின்னாடி மேற்கால 14க்கு 22 அடி காலி இடம். அதுல 10க்கு 12ல ஒரு மரவேலை ஷெட்டு, உள்ள 10 இன்ச் டேபிள் சா (மேஜை நடுவுல பிளேடு நிக்கிற மெஷின், பலகைய அதுமேல தள்ளி அறுக்கணும்), மைட்டர் சா (பிளேட மேல இருந்து இறக்கி சட்டத்த குறுக்கால அறுக்கிறது), சின்ன டிரில் பிரஸ் (நின்ன எடத்துல ஓட்டை போடுற மெஷின்), வாக்யூம், ஒரு பெஞ்ச். ஞாயித்துக்கிழமை மாதிரி லீவு நாள்ல வீட்டுக்கு ஷெல்ஃப், பசங்களுக்கு மேஜைன்னு செய்யணும், தொழில் இல்ல. நீங்க போட்ட பிளான்ல நாலு மெஷினும் நாலு செவுத்த ஒட்டி, நடுவுல காலி எடம்.

பாக்க சுத்தமா இருக்கு. ஆனா அந்த படத்துல ஒரு ஆள் நிக்கல, ஒரு பலகையும் இல்ல. சின்ன ஷெட்டுல எடத்த சாப்பிடுறது மெஷின் இல்லங்க, மரம். டேபிள் சா ரெண்டரை அடிக்கு ரெண்டரை அடிதான், ஆனா 8 அடி பலகைய நீளவாக்குல அறுக்கணும்னா பிளேடுக்கு முன்னாடி 8 அடி, பின்னாடி 8 அடி, ஆக 16 அடி வேணும். உங்க ஷெட்டோட நீளமே 12. செவுத்த ஒட்டி வச்சா ரெண்டு அடி துண்டுக்கு மேல அதுல எதையும் அறுக்க முடியாது. அதனால மெஷின எங்க வைக்கிறதுன்னு ஆரம்பிக்காதீங்க, பலகை எந்த வழியா உள்ள வருது, எங்க திரும்புது, எந்த வழியா வெளிய போகுதுன்னு ஆரம்பிங்க, மத்ததெல்லாம் அதுலயே தானா அமைஞ்சுடும்.

உங்க எடத்துக்கு நான் சொல்றது இது. ஷெட்டோட நீளம் கிழக்கு மேற்கா ஓடட்டும், பின் செவுரு மேற்கு காம்பவுண்டு பக்கம், கதவு கிழக்கு பக்கம் வீட்ட பார்த்து. 22 அடில ஷெட்டு போக முன்னாடி ஒரு 8, 9 அடி திறந்த எடம் கிடைக்கும், அதுதான் உங்களுக்கு ரெண்டாவது ரூம். டேபிள் சாவ கதவுக்கு நேரா நிறுத்துங்க, பிளேடு பின் செவுத்துல இருந்து எட்டரை அடி தள்ளி வர்ற மாதிரி. நீங்க பின் செவுத்து பக்கம் நின்னு கதவு பக்கமா தள்ளுவீங்க, இந்தப்பக்கம் 8 அடி பலகை அடங்கும், அந்தப்பக்கம் மூணரை அடிதான் உள்ள இருக்கு, மிச்ச நாலரை அஞ்சு அடி கதவு வழியா வெளிய போயிடும். வெளிய ஒரு ரோலர் ஸ்டாண்டோ, அதே உயரத்துல ஒரு ஸ்டூலோ போட்டா பலகை கவுராது. சா சக்கரம் வச்ச ஸ்டாண்டுல இருக்கணும், வேலை முடிஞ்சதும் ஓரமா தள்ளி வச்சுட்டா நடு எடம் ஃப்ரீ. பூட்டு உள்ள சக்கரமா வாங்குங்க, பூட்டாத சக்கரத்துல சா ஓட்டுறது விஷப்பரீட்சை.

8க்கு 4 பிளைவுட் ஷீட்ட இந்த சா மேல ஏத்தணும்னு நினைக்கவே நினைக்காதீங்க. 18 எம்எம் ஷீட் 30 கிலோவுக்கு மேல வரும், எம்டிஎஃப்னா (மரநார அழுத்தி செஞ்ச பலகை) 40 கிலோ, ஒத்த ஆளா அத சின்ன சா மேல தள்ளும்போது கொஞ்சம் கோணிச்சுன்னா பிளேடுல சிக்கி திருப்பி அடிக்கும். முன்னாடி இருக்கிற திறந்த எடத்துல நாலு ரீப்பர் கட்டைய தரையில போட்டு, அதுமேல ஷீட்ட படுக்க வச்சு, கையில பிடிக்கிற சர்க்குலர் சாவால நேர் கட்டை கிளாம்ப் பண்ணி அறுத்து துண்டாக்கிட்டு அப்புறம் உள்ள கொண்டு வாங்க. சில பிளைவுட் கடையிலயே பேனல் சால அளவு சொன்னா அறுத்து குடுக்குறாங்க, ஒரு அறுப்புக்கு இவ்வளவுன்னு காசு, அது இன்னும் நிம்மதி. என்னக் கேட்டா உங்க மாதிரி எடத்துல டேபிள் சாவே கொஞ்ச நாள் கழிச்சு வாங்கலாம்பேன், ஆனா ஏற்கனவே வாங்கிட்டேன்னு சொல்லிட்டீங்க, சரி.

இப்ப 10க்கு 12ங்கிறது உள் அளவா வெளி அளவா? இத கொத்தனார்ட்ட தெளிவா சொல்லணும். 6 இன்ச் ஹாலோ பிளாக்ல கட்டினா ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு அடி போயிடும், உள்ள 9க்கு 11தான் மிஞ்சும், சின்ன ஷெட்டுல அந்த ஒரு அடி பெரிய விஷயம். இரும்பு டியூப்ல தூண் நிறுத்தி, நடுவுல 4 இன்ச் சாலிட் பிளாக் வச்சு, உள் அளவு 10க்கு 12ன்னு பேசுங்க. 14 அடி அகலத்துல வெளி அளவு 10 அடி 8 இன்ச் போக 3 அடி 4 இன்ச் மிஞ்சும், அத ஒரே பக்கம் விட்டுறாதீங்க. ஒரு பக்கம் ஒரு அடியாவது விட்டாத்தான் கூரைத் தண்ணி பக்கத்து வீட்டுல விழாது, செவுத்துக்கு வெளிப்பூச்சும் பூச முடியும். எவ்வளவு தள்ளி கட்டணும்னு உங்க பஞ்சாயத்தோ நகராட்சியோ ஒரு கணக்கு வச்சிருப்பாங்க, அத கேட்டுட்டு அப்புறம் வானம் தோண்டுங்க.

உயரம். இதுல எல்லாரும் கஞ்சத்தனம் பண்ணுவாங்க. 8 அடி ஷீட்டுக்கு எட்டரை அடி கூரை போதும்னு தோணும், ஆனா படுத்திருக்கிற ஷீட்ட நிமித்தி நிறுத்தும்போது அதோட மூலைக்கு மூலை அளவு கிட்டத்தட்ட 9 அடி, அது இடிக்கும். தாழ்ந்த பக்கமே ஒன்பதேகால் அடி இருக்கட்டும், உயர்ந்த பக்கம் பத்தரை. இன்னொண்ணு, சீலிங் ஃபேன் வேண்டவே வேண்டாம், நீளமான சட்டத்த தூக்கி திருப்புறப்ப ஒருநாள் இல்ல ஒருநாள் இறக்கைல பட்டே தீரும். செவுத்துல மாட்டுற ஃபேன் ரெண்டு போடுங்க.

கதவு நாலு அடிக்கு குறையக்கூடாது, அஞ்சு அடின்னா நல்லது, ரெட்டைக் கதவா வெளிப்பக்கம் திறக்குற மாதிரி. ரோலிங் ஷட்டர் போடலாமான்னு கேட்டிருந்தீங்க. போடலாம், ஆனா சுருள் உக்காருற எடம் மேல ஒரு அடிக்கு பக்கமா பிடிச்சுக்கும், வெயில்ல தகடு கொதிக்கும், காலைல தூக்குற சத்தத்துல தெருவே எந்திரிக்கும். எனக்கு பிடிக்காது.

பெஞ்ச வடக்கு செவுத்துல ஜன்னலுக்கு கீழ போடுங்க, ஆறடி நீளம் ரெண்டடி அகலம். வடக்கு வெளிச்சம் கண்ணு கூசாது, நிழல் குறைவு. நம்ம ஊருக்கு ஒரு விஷயம் இருக்கு, மதுரை பக்கம்லாம் ஏப்ரல் நடுவுல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மத்தியான சூரியன் தலைக்கு வடக்காலதான் போகும், அதனால வெளிநாட்டுக்காரன் வீடியோவுல வடக்கு ஜன்னல்ல வெயிலே வராதுன்னு சொல்றது இங்க முழுசா செல்லாது. ஆனா உச்சிலதான் இருக்கும்ங்கிறதால ஒன்றரை அடி சன்ஷேடு போட்டா போதும். மேற்கு செவுத்துல ஜன்னலே வைக்காதீங்க, சாயங்கால வெயில் நேரா பெஞ்ச் வரைக்கும் வந்து பென்சில் கோடு தெரியாம பண்ணிடும். அந்த செவுரு முழுக்க டூல் மாட்ட விட்டுடலாம். ஒரே ஒரு சின்ன ஓட்டை மட்டும், சா டேபிள் உயரத்துல, பிளேடு நேருக்கு, ஒரு அடிக்கு அரை அடி, மூடி போட்டு. பத்து பன்னெண்டு அடி சட்டம் அறுக்கும்போது காம்பவுண்டு இடிக்காத அளவுக்கு வால் அந்த வழியா வெளிய நிக்கும். மூடி கட்டாயம், இல்லன்னா பாம்போ பெருச்சாளியோ குடியேறும்.

தெக்கு செவுத்துல மைட்டர் சா. 12 அடி செவுத்துல பிளேடுக்கு ஒரு பக்கம் 8 அடி, இன்னொரு பக்கம் 4 அடின்னு பிரிங்க, 8 அடி பக்கம் கதவு பக்கமா வரட்டும், மரம் அங்கிருந்துதான் வரும். ரெண்டு பக்கமும் சா தட்டோட சம மட்டத்துல ஷெல்ஃப் மாதிரி பலகை, அதுக்கு கீழ டப்பா, டிராயர். ஸ்லைடிங் மைட்டர் சாவா இருந்தா பின்னாடி ராடு போக எடம் கேக்கும், செவுத்துல இருந்து மூணு அடி வரைக்கும் வந்துடும், 10 அடி அகலத்துல அது வலிக்கும். ஸ்லைடு இல்லாத சாதா மைட்டர் சான்னா ரெண்டடில முடிஞ்சுடும். கணக்கு போட்டு பாருங்க: பெஞ்ச் 2, மைட்டர் 2, நடுவுல மிச்சம் 6, அதுல டேபிள் சா ரெண்டரை போனா ரெண்டு பக்கமும் ஒண்ணே முக்கால் அடிக்கு மேல கிடையாது. ஒரு ஆள் நடந்து போகலாம், ரெண்டு பேர் எதிரெதிர வந்தா ஒருத்தர் ஒதுங்கணும். இதுக்கு மேல ஒரு பொருள் வாங்கினா எங்க வைப்பீங்கன்னு இப்பவே தெரிஞ்சுடுதுல்ல.

டிரில் பிரஸ் தென்மேற்கு மூலைக்கு. அதுக்கு முன்னாடி பின்னாடி எடம் தேவையில்ல, நீள சட்டத்துல ஓட்டை போடும்போது இடது வலதுதான் எடம் கேக்கும், அதனால மூலைல கொஞ்சம் சாய்வா திருப்பி வைங்க. (வாஸ்து பாக்குறவங்க தென்மேற்குல கனமான பொருள் இருக்கணும்பாங்க, வீட்டு பெரியவங்களும் சந்தோஷமாயிடுவாங்க.)

ஒரு சின்ன தந்திரம், ஆனா எடத்த ரெண்டு மடங்காக்கும்: டேபிள் சா தட்டு, பெஞ்ச், ரெண்டும் ஒரே உயரம், 34 இன்ச் பக்கம். பெஞ்ச் ஒரு நூல் தாழ்வா இருந்தா இன்னும் நல்லது, அறுத்து வர்ற பலகை தட்டாம வழுக்கி போகும். இப்படி வச்சா சாவ பெஞ்சோட ஒட்டி தள்ளி அகலமான பலகைக்கு பெஞ்சயே தாங்கலா வச்சுக்கலாம். கை இழைப்புளி நிறைய ஓட்டுறவரா இருந்தா 34 கொஞ்சம் உயரம், நிமிந்து நின்னு கைய தொங்கவிட்டா மணிக்கட்டு வர்ற உயரம்தான் இழைக்க சுகம். நம்ம ஆசாரிங்க நிறைய பேர் தரையில உக்காந்து கால் விரல்ல கட்டைய இறுக்கிக்கிட்டு உளி வேலை பாப்பாங்க, எந்த பெஞ்சும் அந்த வசதிய குடுக்காது, அதுக்கும் நடு எடம் காலியா இருக்கணும்.

கட்டுறதுக்கு முன்னாடி மொட்டை மாடில கோலமாவுல 10க்கு 12 கோடு போடுங்க. அட்டைப்பெட்டிய மெஷின் அளவுக்கு வெட்டி அதது எடத்துல வைங்க. அப்புறம் ஒரு 8 அடி ரீப்பர கையில எடுத்துக்கிட்டு கதவுன்னு போட்ட கோடு வழியா உள்ள வாங்க, மைட்டர் சா மேல வைக்கிற மாதிரி வைங்க, திருப்புங்க, டேபிள் சாவுக்கு கொண்டு போங்க, கோட்ட மிதிக்காம முடியுதான்னு பாருங்க. கம்ப்யூட்டர்ல முப்பரிமாண படம் போடுறதுக்கு பதிலா இத செஞ்சா அரை மணி நேரத்துல பாதி சந்தேகம் தீர்ந்துடும்.

கரண்ட். இதுல சிக்கனம் வேண்டாம். 10 இன்ச் சா 1800ல இருந்து 2000 வாட்ஸ், வாக்யூம் ஒரு 1200, 1400. ரெண்டும் ஒண்ணா ஓடும்போது 230 வோல்ட்ல 15 ஆம்பியர பக்கம் வந்துடும், ஒரே 16 ஆம்பியர் சாக்கெட்ல ரெண்டயும் சொருகினா எம்சிபி (லோடு ஏறினா தானா அணையுற சுவிட்ச்) தட்டிக்கிட்டே இருக்கும். வீட்டு மெயின் போர்டுல இருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர், ஷெட்டுக்குள்ள ஒரு சின்ன டிபி (லைன பிரிச்சு குடுக்கிற போர்டு). சாவுக்கு ஒரு எம்சிபி, வாக்யூம் மத்த பிளக்குக்கு ஒண்ணு, லைட்டுக்கு கண்டிப்பா தனியா ஒண்ணு. காரணம் என்னன்னா சா எம்சிபி தட்டும்போது லைட்டும் சேர்ந்து அணைஞ்சா, பிளேடு இன்னும் சுத்திக்கிட்டிருக்கும், நீங்க இருட்டுல கைய வச்சுக்கிட்டு நிப்பீங்க. மோட்டார் கிளம்புறப்ப அதிகமா இழுக்கும்ங்கிறதால சி கர்வ் எம்சிபி கேளுங்க. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிஞ்சா உடனே அணைக்கிறது) ஒழுங்கான எர்த்தும் இல்லாம ஷெட்டுல கரண்டே குடுக்காதீங்க, மழை நாள்ல ஈரத் தரைல நின்னுதான் வேலை செய்வோம்.

நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியமானது ஒண்ணு: கரண்ட் போயி திரும்பி வந்தா மெஷின் தானா ஓடக்கூடாது. சில சின்ன சாவுல சாதா சுவிட்ச்தான் இருக்கும், கரண்ட் போனா அப்படியே விட்டுட்டு டீ குடிக்க போவோம், வந்து பிளேடு மேல கிடக்கிற துண்ட எடுக்குறப்ப கரண்ட் வந்தா அவ்வளவுதான். நோ வோல்ட் சுவிட்ச்னு தனியா கிடைக்குது, திரும்ப பச்சை பட்டன அமுக்கினாத்தான் ஓடும். உங்க சாவுல இல்லன்னா மாட்டிக்குங்க.

சாக்கெட்ட எல்லாம் தரைல இருந்து நாலு அடி உயரத்துல வைங்க, கீழ வச்சா சாய்ச்சு வச்ச பலகைக்கு பின்னாடி போயி ஒளிஞ்சுக்கும். நடுவுல நிக்கிற டேபிள் சாவுக்கு வயர் தரைல ஓடாம மேல கூரைய தாங்குற இரும்பு சட்டத்துல இருந்து இறக்கிக்கலாம், ஆனா பலகை திருப்புற பாதைல தொங்கக்கூடாது. லைட்டு நடுவுல ஒரு பெரிய பல்பா போடாம நாலு அடி எல்இடி டியூப் ரெண்டு வரிசை, ஒண்ணு பெஞ்சுக்கு மேல, ஒண்ணு மைட்டர் சாவுக்கு மேல, அப்பத்தான் உங்க நிழலே உங்க வேலை மேல விழாது. வீட்டு கனெக்ஷன்ல சொந்த உபயோகத்துக்கு செய்யிற வரைக்கும் சரி, ஆர்டர் எடுத்து விக்க ஆரம்பிச்சா ஈபி டாரிஃப் மாத்தணும், இல்லன்னா பின்னாடி அபராதம்னு வந்து நிக்கும்.

கூரைக்கு கலர் ஷீட் போடுறதா சொன்னீங்க. போடுங்க, ஆனா வெறும் ஷீட்ட போட்டா ஏப்ரல் மே மாசம் மத்தியானம் உள்ள நிக்கவே முடியாது. ஷீட்டுக்கு அடியில அலுமினியம் ஃபாயில் ஒட்டுன பபிள் ஷீட் விரிங்க, செலவு கம்மி, மார்கழி மாசத்துல ராத்திரி ஷீட்டு வேர்த்து சொட்டுறதும் குறையும், இல்லன்னா அந்த தண்ணி நேரா சா தட்டுல விழுந்து துருவாகும். உயர்ந்த பக்கம் செவுத்துக்கும் கூரைக்கும் நடுவுல அரை அடி இடைவெளி விட்டு கொசுவலை கம்பி அடிச்சா சூடு மேல வெளிய போயிடும். கிழக்கு கதவுக்கு மேல மூணு அடி நீட்டல் வேணும், ஐப்பசி கார்த்திகை மழை வடகிழக்குல இருந்து சாய்வா அடிக்கும், நேரா உள்ள வரும். தரை மட்டம் வெளித் தரைய விட முக்கால் அடியாவது உயரம், கதவ பார்த்து லேசா வாட்டம். கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி கரையான் மருந்து அடிக்க சொல்லுங்க, அப்புறம் அடிக்கிறது கஷ்டம்.

மரத்த தரைல அடுக்காதீங்க. மைட்டர் சாவுக்கு மேல செவுத்துல இரும்பு பிராக்கெட் அடிச்சு படுக்க வைங்க, செவுத்த தொடாம. வெட்டின மிச்ச துண்டுக்கு ஒரே ஒரு டிரம், அது நிறைஞ்சா அடுப்புக்கோ பக்கத்து டீக்கடைக்கோ போயிடணும். எதுக்காவது ஆகும்னு சேர்த்து வச்சா 10க்கு 12 ஷெட்டு ஒரே வருஷத்துல 6க்கு 8 ஆயிடும்.

தூசி விஷயத்த லேசா எடுக்காதீங்க, மரத்தூள புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி பிரிவே வகைப்படுத்தி வச்சிருக்கு. எம்டிஎஃப் தூசி அதவிட எரிச்சல். வாக்யூமுக்கு முன்னாடி ஒரு மூடி போட்ட பக்கெட்ல சைக்ளோன் (காத்த சுழல விட்டு தூள பிரிக்கிற கூம்பு) வச்சா தூள் பக்கெட்லயே விழுந்துடும், ஃபில்டர் அடைக்காது. வாக்யூம் எடம் டேபிள் சாவுக்கும் மைட்டர் சாவுக்கும் நடுவுல, ஒரே ஹோஸ மாத்தி மாத்தி சொருகிக்கலாம். என்95 மாஸ்க் ஆணில தொங்கணும், டிராயர்ல இல்ல. உங்க கதவு வீட்ட பார்த்திருக்கு, ஆனி ஆடி காத்து மேற்கால இருந்து அடிக்கும், மாடில வடாம் காயுற நாள்ல சாண்டிங் பண்ணினா அப்புறம் வீட்டுல நடக்குறதுக்கு நான் பொறுப்பில்ல.

சத்தம் பத்தி: சின்ன சா, மைட்டர் சா எல்லாம் நல்லாவே கத்தும். குடியிருப்பு பகுதிக்கு பகல்ல 55 டெசிபல், ராத்திரி பத்து மணிக்கு மேல 45ன்னு விதி, உங்க சா கிட்டக்க அத எங்கயோ தாண்டிடும். பக்கத்து வீட்டு பெட்ரூம் எந்த பக்கம்னு பார்த்து அந்த பக்கம் ஜன்னல் வைக்காதீங்க, மத்தியான தூக்க நேரத்துல மெஷின் ஓட்டாதீங்க, முதல்ல செஞ்ச ஸ்டூல அவங்களுக்கு குடுத்துடுங்க.

வெல்டிங், கிரைண்டர் ரெண்டும் இந்த ஷெட்டுக்குள்ள வேண்டாம். பொறி தூளுக்குள்ள போயி உக்காந்துச்சுன்னா ராத்திரிதான் பத்தும். அதே மாதிரி லின்சீட் ஆயில் தொட்ட துணிய சுருட்டி மூலைல போடாதீங்க, தானா சூடேறி பிடிச்சுக்கும், விரிச்சு வெளிய காயப்போட்டு அப்புறம் தூக்கி எறிங்க. பாலிஷ் வேலைக்கு ஷெட்டுக்கு வெளிய, கதவு நீட்டலுக்கு கீழ இருக்கிற நிழல் எடம்தான் சரி, தின்னர் வாடைக்கு காத்தோட்டம் வேணும். மழைக்காலத்துல என்சி லேக்கர் (சீக்கிரம் காயுற மர பாலிஷ்) அடிச்சா ஈரம் பட்டு வெள்ளையா பூத்துடும், அந்த ரெண்டு மாசம் அறுக்குற வேலைய வச்சுக்குங்க.

கடைசியா பெஞ்ச வாங்கவா செய்யவான்னு கேட்டீங்க. செய்யுங்க. உங்களுக்கு காரைக்குடி எட்டுற தூரம்தான், அங்க பழைய வீடு பிரிச்ச மரம் கிடைக்கும், நிலைச்சட்டம் ரெண்டு மூணு எடுத்தா காலுக்கும் குறுக்குக்கும் ஆயிடும், கனமா அசையாம நிக்கும், மேல் பலகைக்கு 18 எம்எம் பிளைவுட் ரெண்டு ஒட்டிக்கலாம். சா மேல வைக்கிறதுக்கு முன்னாடி காந்தம் ஒண்ண மரம் முழுக்க ஓட்டிப் பாருங்க, பழைய மரத்துல ஆணி உடைஞ்சு உள்ளயே இருக்கும், வெளிய தெரியாது, புது பிளேடு ஒரே அறுப்புல பல் போயிடும்.